ஸ்டெல்லா டீச்சரின் பேபி காரும் மூன்று வைத்தியர்களும்

ஷெட்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகள் என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் வால்வு தேய்ப்பதைப் பற்றியும் பிரேக் சரிபார்ப்பதைப் பற்றியும் கேட்கிறீர்கள். அதெல்லாம் சில தடவை கை சுட்டுக்கொண்டால் தானாக வந்துவிடும். வண்டியோடு கூட வருகிற மனிதர்களை என்ன செய்வது என்றுதான் எந்த ஷெட்டிலும் யாரும் சொல்லித் தருவதில்லை. நான் அதிகம் படித்தவன் இல்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் கற்ற கொஞ்சம் எழுத்தை வைத்துக்கொண்டு, ஆண்டவர் எனக்குக் காட்டிய ஒரு சனிக்கிழமையை எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் ஷெட் அல்சூர் ஏரிக்குப் போகிற ரோட்டில், ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் இருந்தது. ஐம்பதுகளின் கடைசி அது. வெள்ளைக்காரர்கள் கப்பல் ஏறும்போது விட்டுப்போன பேபி கார்கள் கண்டோன்மெண்ட் பக்கம் நிறைய ஓடிக்கொண்டிருந்தன. சின்ன வண்டி. நாலு பேர் உட்கார்ந்தால் நாலு பேருடைய முழங்காலும் ஒன்றோடொன்று குசலம் விசாரித்துக்கொள்ளும். ஆனால் சமத்து. குழந்தை மாதிரி அழும், ஒரு வாய் தண்ணீர் கொடுத்தால் சிரிக்கும்.

நாடு சுதந்திரம் வாங்கிய பிறகு சீமையிலிருந்து உதிரிச் சாமான் வருவது குறைந்துபோயிற்று. அதனால் பேபி கார் வைத்திருப்பவர்கள் எல்லாம் உறவுக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். ஒருவர் வண்டியின் இக்னிஷன் காயில் இன்னொருவர் வண்டியில் ஒரு மாதம் ஓடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மரத்தடியில் கூடுவார்கள். பெட்ரோல் டாங்க் ஒழுகினால் துணி சோப்பைத் தேய்த்து அடைப்பது, வெயிலில் எஞ்சின் மக்கர் பண்ணினால் பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றுவது என்று ஆளுக்கொரு கைவைத்தியம் சொல்வார்கள். எனக்கு அதனால் வருமானம் குறைந்ததா கூடியதா என்று இன்றைக்கும் தெரியவில்லை. மனசு நிறைந்திருந்தது, அது தெரியும்.

அவர்களில் மூன்று பேர் வாரம் தவற மாட்டார்கள். தொம்மலூர் சிங்காரம், மருந்துக்கடையில் கம்பவுண்டர். காதர் பாய், ரொட்டிக்கடை வைத்திருந்தார். நஞ்சப்பா, தபால் ஆபீஸில் வேலை; கன்னடக்காரர், ஆனால் எங்களோடு தமிழில்தான் சண்டை போடுவார்.

நாலாவது ஆள் ஸ்டெல்லா டீச்சர். ஆஸ்டின் டவுனில் வீடு. அந்தக் காலத்தில் ஒரு பெண்பிள்ளை கார் ஓட்டினால் சைக்கிளில் போகிறவன் திரும்பிப் பார்த்தே கீழே விழுவான். டீச்சர் அதையெல்லாம் கவனிக்காமல் காலையில் ஒரு பள்ளிக்கூடம், மத்தியானம் ஊருக்கு வெளியே கண் தெரியாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் என்று தன் சாம்பல் நிறப் பேபியில் போய்வருவார். அந்த இரண்டாவது இடத்துக்கு பஸ் கிடையாது. கார் இல்லையென்றால் அந்தப் பிள்ளைகளுக்கு டீச்சரும் இல்லை.

அவருக்கு ஓர் அண்ணன், சவரிமுத்து சார். ஆபீஸில் ஹெட் கிளார்க். கழுத்தில் டை இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. கெட்டவர் இல்லை, தங்கை மேல் உயிர். உயிராக இருந்ததால்தான் பயம். கார் எங்கேயாவது நடுரோட்டில் நின்றுவிட்டால் இவள் தனியாக என்ன செய்வாள் என்று அவருக்கு ராத்தூக்கம் கிடையாது. கடைசியில் காரை விற்றுவிட ஓர் ஆளைப் பார்த்து விலை பேசிவிட்டார். டீச்சர் அழவில்லை, சண்டையும் போடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

கோலார் தங்கவயலில் அவர்களுடைய தங்கைக்குக் குழந்தை பிறந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். ஸ்டெல்லா டீச்சர்தான் ஞானத்தாய். "குடும்பத்தோட என் கார்லயே போயிட்டு வருவோம் அண்ணா. வழியில கொதிச்சு நின்னுச்சுன்னா திங்கக்கிழமை அந்த ஆளை வரச் சொல்லுங்க. நிக்காம வந்துட்டா இந்தப் பேச்சை இதோட விட்ருங்க." அண்ணன் சம்மதித்தார். ஆனால் அவரும் ஒரு நிபந்தனை போட்டார். ஷெட்டுக்கு வந்து மரத்தடியில் எல்லார் முன்னாலும் என்னைக் காட்டிச் சொன்னார். "மேஸ்திரி மட்டும் பார்க்கட்டும். மத்தவங்க யாரும் இந்த வண்டிக்கு நாட்டு வைத்தியம் பண்ணக் கூடாது. அதுக்கப்புறம் அது வண்டியா இருக்காது, கஷாயமாத்தான் இருக்கும்."

மூன்று பேரும் தலையை ஆட்டினார்கள். அவ்வளவு வேகமாக ஆட்டும்போதே நான் சந்தேகப்பட்டிருக்கலாம்.

வண்டியில் ஒரே ஒரு குறைதான். ரேடியேட்டரில் சொட்டுச் சொட்டாகக் கசிவு. ஈயம் வைத்து அடைத்துவிட்டேன். அது அக்டோபர், ஜெபமாலை மாதம். சாயங்காலம் ஆனால் ஷெட்டை மூடிவிட்டுக் குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்விடுவேன். வண்டி மரத்தடியிலேயே நிற்கும். பேபி காரின் ரேடியேட்டர் மூடி வெளியிலேயே இருக்கும், திறக்கச் சாவி வேண்டாம்.

சனிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டதும் டீச்சர் வந்து வண்டியை எடுத்துப் போனார். வீட்டுக்குப் போய் அண்ணனை ஏற்றிக்கொண்டு ஒரு ரவுண்டு வந்து காட்டுவதாகத் திட்டம். நான் கை கழுவிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருப்பேன், தெருமுனையில் ஆவி தெரிந்தது. கார் அதற்குப் பின்னால் வந்தது.

டீச்சரின் முகத்தில் ரத்தமே இல்லை. சவரிமுத்து சார் இறங்கிக் கதவை மெதுவாகச் சாத்தினார். "ஆஸ்டின் டவுன்ல இருந்து அல்சூர் வர்றதுக்கே இப்படி. தங்கவயலுக்கு எப்படி மேஸ்திரி?"

மரத்தடியில் மூன்று பேரும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். சனிக்கிழமை அவர்கள் வருகிற நாளே இல்லை. ஒருவர் மரத்தைப் பார்த்தார், ஒருவர் வானத்தைப் பார்த்தார், காதர் பாய் தன் செருப்பைப் பார்த்தார்.

கொஞ்சம் ஆறவிட்டு, சாக்கைப் போட்டு மூடியைத் திறந்தேன். பண்டிகைக்கு முந்தின நாள் சமையற்கட்டு வாசனை அடித்தது. உள்ளே விரலை விட்டால் வழவழ என்று ஏதோ ஒட்டியது.

இந்த இடத்தில் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த வண்டிக்குத் தண்ணீர் பம்ப் கிடையாது. சுட்ட தண்ணீர் தானாக மேலே ஏறி, ரேடியேட்டரில் ஆறிக் கீழே இறங்க வேண்டும். வழியில் அடைப்பு இருந்தால் கொதிக்கத்தான் கொதிக்கும். ரேடியேட்டர் அடைப்புக்கு எங்கள் வழக்கம் கொதிக்கிற தண்ணீரில் சலவைச் சோடா கரைத்து ஊற்றுவது. அடுப்பில் கெட்டில் தயாராக இருந்தது. என் கை அதன் பிடியில் இருந்தது. ஊற்றியிருந்தால் ஏன் ஊற்றினாய் என்று யாரும் என்னைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் மரத்தடியில் இருக்கிறார்கள். சவரிமுத்து சார் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அவர் முன்னால் கேட்டால் மூன்று பேரும் சாமி சத்தியமாகத் தெரியாது என்பார்கள். கோபமும் எனக்கு மண்டைக்கு ஏறியிருந்தது. மாதாவே, என் வாயைக் கொஞ்ச நேரம் நீர் பிடித்துக்கொள்ளும் என்று வேண்டிக்கொண்டு கெட்டிலைக் கீழே வைத்தேன்.

எங்கள் சபையில் பாவசங்கீர்த்தனம் உண்டு. செய்த தப்பைச் சாமியாரிடம் தனியாகப் போய்ச் சொல்வது. கேட்டவர் அதை வெளியே சொல்லக் கூடாது. எனக்கு அந்த நேரத்தில் அதுதான் தோன்றியது.

"ஒவ்வொருத்தரா ஷெட்டுக்குப் பின்னால வாங்க. என்ன போட்டீங்கன்னு மட்டும் சொல்லுங்க. யார் போட்டதுன்னு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்."

முதலில் சிங்காரம் வந்தார். சுற்றிலும் பார்த்தார். "கோந்து மேஸ்திரி. கொஞ்சம்தான்."

"எந்தக் கோந்து?"

"இருமல் மருந்துல கலக்கறது. சுத்தமான சரக்கு. வெளியில கிடைக்காது."

"ஏன், கார் இருமுச்சா?"

"உன் ஈயம் வழியில விட்டுக்கிச்சுன்னா? அந்தப் பொண்ணு மூஞ்சிய யாரு பாக்கறது? நல்லதுக்குத்தான் பண்ணேன். பாய் கிட்ட சொல்லிடாதே. அந்த ஆளு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிவாரு."

அடுத்து காதர் பாய். அவருக்கு முன்னாலேயே அவருடைய பெருமூச்சு வந்தது.

"முட்டை. வெள்ளைக் கரு மட்டும்தான் மேஸ்திரி."

"மஞ்சள் கரு?"

"கேக்குக்குப் போயிடுச்சு. அத வீணாக்க முடியுமா? வெள்ளைக் கரு சூட்டுல வெந்து ஓட்டைய அடைச்சுக்கும். எங்க வாப்பா காலத்துல இருந்து பண்றது."

"பாய், நான்தான் அடைச்சிட்டேனே."

"நீ அடைச்சே. நான் கொஞ்சம் துணைக்கு அடைச்சேன். நக்கோ மேஸ்திரி, வேணாம், அந்தம்மா முன்னால என்னை நிறுத்தாதே."

நஞ்சப்பா கடைசியாக வந்தார். அவர் குற்றவாளி மாதிரி வரவில்லை, சாட்சி மாதிரி வந்தார். "ராகி மாவு, ஸ்வாமி. ஒரு பிடி. ராத்திரியே தண்ணியில கரைச்சு, கட்டியில்லாம ஊத்தினேன். நான் மாடு வளக்கிற வீட்டுல பொறந்தவன். ராகிக்கு இருக்கிற பலம் வேற எதுக்கும் இல்ல."

"காருக்கு எதுக்குங்க பலம்?"

"தங்கவயல் தூரம் இல்லையா?" என்றார்.

மூன்று பேரும் சேர்ந்து செய்திருந்தால் யாராவது ஒருவர் மற்றவரைத் தடுத்திருப்பார். அவரவர் தனியாக, மற்றவர்களுக்குத் தெரியாமல், டீச்சர் ஜெயிக்க வேண்டும் என்று ஊற்றியிருக்கிறார்கள். அந்த நிமிஷம் என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

தம்பிகளே, அவர்கள் சொல்லியிருக்காவிட்டால் நான் கெட்டிலை ஊற்றியிருப்பேன். கோந்துக்குச் சுடுதண்ணீர் சரி. முட்டைக்கு அதுதான் எமன். அடியில் இன்னும் வேகாமல் கிடந்ததும் வெந்து கல்லாகியிருக்கும். முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெதுவெதுப்பு, கடைசியில்தான் சோடா. வண்டி உங்களிடம் வரும்போது அதை நேசிக்கிறவர்கள் ஏற்கெனவே அதில் ஏதோ செய்துவிட்டுத்தான் வருவார்கள். கடுகடு என்று கேட்டால் மறைப்பார்கள். மறைத்தால் நஷ்டம் வண்டிக்கு.

முன்பக்கம் வந்தேன். "என்ன சொன்னாங்க?" என்றார் சவரிமுத்து சார்.

"யார் சொன்னதுன்னு நான் சொல்லக் கூடாது சார். உள்ள என்ன இருக்குன்னு சொல்றேன். கோந்து, முட்டை, ராகி மாவு."

"முட்டையா?" என்று சிங்காரம் எழுந்துவிட்டார்.

"ராகியா? ராகிய எவனாவது கார்ல போடுவானா?" என்றார் காதர் பாய்.

"கோந்து போடலாமா? அது கவர் ஒட்டறதுக்கு," என்றார் நஞ்சப்பா. ரகசியத்தை நான் காப்பாற்றினேன். அவர்கள்தான் காப்பாற்றவில்லை.

டீச்சர் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே அடங்கிவிடுவார்கள், இவர்கள் எம்மாத்திரம். அண்ணன் சொன்னார்: "ஸ்டெல்லா, நாளைக்கு பஸ்ல போயிடுவோம். திங்கக்கிழமை அந்த ஆள் வரட்டும். நான் யாரையும் குத்தம் சொல்லல. பேசினது பேசினதுதான்."

டீச்சர் என்னிடம் திரும்பினார். "மேஸ்திரி, எனக்காகச் சொல்லாதீங்க. உண்மையைச் சொல்லுங்க. நாளைக்குப் போகுமா?"

போகும் என்று சொல்ல நாக்கு துடித்தது. "இப்பத் தெரியாது டீச்சர். விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சொல்றேன்."

சவரிமுத்து சார் போகவில்லை. இவர்கள் மறுபடி எதையாவது போட்டுவிடாமல் காவல் இருப்பதாகச் சொல்லி பெஞ்சில் உட்கார்ந்தார். ரேடியேட்டரைக் கழற்றித் தலைகீழாக ஸ்டூலில் வைத்தோம். சிங்காரம் தண்ணீர் இறைத்து உயரத்தில் இருந்த பீப்பாயை நிரப்பினார், பாய் அடுப்பைப் பார்த்துக்கொண்டார், நஞ்சப்பா எல்லாருக்கும் யோசனை சொன்னார். பீப்பாய்க் குழாயை ரேடியேட்டரின் அடிப்பக்கத்து வாயில் அழுத்திப் பிடிக்க ஒரு கை குறைந்தது.

"சார், இதைக் கொஞ்சம் பிடிங்க," என்றேன்.

அவர் டையை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்து பிடித்தார். தண்ணீரைத் திறந்துவிட்டேன். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு உள்ளே ஏதோ முனகியது. அடுத்த நொடி ஒரு பெரிய ராகி உருண்டை பீரங்கிக் குண்டு மாதிரி பாய்ந்து அவருடைய வெள்ளைக் கால்சட்டையில் அடித்தது.

அவர் குனிந்து பார்த்தார். விரலால் தொட்டு நசுக்கிப் பார்த்தார்.

"இது யாரோடது?"

"நம்மதுதான், ஸ்வாமி," என்றார் நஞ்சப்பா, பாதி செத்த குரலில்.

"நல்லா வெந்திருக்கு," என்றார் சவரிமுத்து சார்.

முதலில் சிரித்தது டீச்சர்தான். அன்றைக்கு மத்தியானத்திலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் சிரிப்பாக வந்தது. பிறகு நாங்கள் எல்லாரும். அண்ணன் சிரிக்கவில்லை, ஆனால் குழாயையும் விடவில்லை. "இந்த மூலையில இன்னும் அடைச்சிருக்கு மேஸ்திரி, இந்தப் பக்கம் சாய்ச்சுப் பிடிங்க," என்று அவரே சொல்ல ஆரம்பித்தார்.

விளக்கு வைக்கிற நேரம் வந்தது. கோந்து போய்விட்டது, ராகி போய்விட்டது. முட்டை ரேடியேட்டருக்குள் சில சின்னக் குழாய்களில் மட்டும் அசையவில்லை. இப்போது எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். காதர் பாய் தன் வண்டியின் ரேடியேட்டரையே கழற்றிக் கொடுக்கிறேன் என்றார். டீச்சர் வேண்டாம் என்றுவிட்டார். "அப்புறம் போயிட்டு வந்தது என் கார் இல்ல பாய்."

நான் இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொன்னேன். "முழுசும் சரியாயிடுச்சுன்னு சொன்னா ஆண்டவர் என்னைக் கேப்பாரு. முக்கால்வாசி சரி. வேகமா ஓட்டினா கொதிக்கும். மெதுவாப் போய், சூடு ஏறுறதுக்கு முன்னாடியே நீங்களா நிறுத்தி, ஆறவிட்டுத் தண்ணி ஊத்தினா போயிட்டு வந்துடலாம். அவசரம் வந்தா மட்டும் ஆபத்து."

டீச்சர் அண்ணனைப் பார்த்தார். "நான் வேணும்ங்கிற இடத்துல நிறுத்துவேன் அண்ணா. அதுக்கு ஒண்ணும் சொல்லக் கூடாது. ஆனா எங்கயாவது கொதிச்சுதுன்னா வண்டி அந்த ஆளுக்கு. நானே சாவியைக் கொடுக்கறேன்."

அண்ணன் டையை வெளியே எடுத்து நேராக்கிக்கொண்டார். "சரி. ஆனா விடியறதுக்குள்ள கிளம்பணும்." பிறகு மரத்தடியைப் பார்த்து, "யாரும் பின்னாலயே வரக் கூடாது," என்றார். மூன்று பேரும் அதைத்தான் மனசில் வைத்திருந்தார்கள் என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் நான் சாமியாருடைய பிரசங்கத்தில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஒசகோட்டை தாண்டியிருப்பார்களா, கோலார் ஏற்றத்தில் கியர் மாற்றியிருப்பாரா என்றே ஓடியது. பீடத்து மெழுகுவர்த்திகூட எனக்கு ஆவி விடுகிற மாதிரி தெரிந்தது. ஷெட்டுக்கு வந்தால் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் தன் வண்டியின் பானெட்டைத் திறக்கவில்லை, ஒருவருக்கும் வைத்தியம் சொல்லவில்லை. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையை அந்த மரம் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை காலையில் சவரிமுத்து சார் நடந்து வந்தார். தனியாக. கையில் ஒரு பித்தளைத் தூக்கு. அன்றைக்கு ஆபீஸ் நாள், மூன்று பேரும் ஆளுக்கொரு பொய் சொல்லிவிட்டு அங்கே இருந்தார்கள். யாருக்கும் கேட்கத் தைரியம் இல்லை. நான்தான் கேட்டேன்.

"ஞானஸ்நானம் நேரத்துக்கு ஆச்சா சார்?"

"ஆச்சு. கோயில்ல நாங்கதான் முதல்ல. புள்ள ஸ்டெல்லா கையில அழவே இல்ல." தூக்கைப் பிடித்தபடியே நின்றார். "அவ எத்தனை இடத்துல நிறுத்தினான்னு எனக்கே தெரியல. ஒரு இடத்துல இட்லி சாப்பிட்டோம். ஒரு ஏரிக்கரையில எங்க அம்மா ஒரு ஜெபமாலை முழுசாச் சொல்லி முடிச்சாங்க. ஒவ்வொரு தடவையும் நான்தான் இறங்கித் தண்ணி ஊத்தினேன். வரும்போது ஒரு லாரிக்காரன் நிறுத்தி, என்னப்பா ரிப்பேரான்னு கேட்டான். ரிப்பேர் இல்ல, ஓய்வுன்னு சொன்னேன்."

"கொதிக்கலையே சார்?" என்று சிங்காரத்தின் குரல் பின்னாலிருந்து வந்தது.

"கொதிக்கிற மாதிரி வந்துச்சு. எனக்குத் தெரியறதுக்கு முன்னாடி அவளுக்குத் தெரிஞ்சிடுச்சு. ஓரமா நிறுத்திட்டா. நான் பயந்தது எனக்கு வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாததால. அவளுக்குத் தெரியாததால இல்ல. அந்த ஆளுக்குச் சொல்லி அனுப்பிட்டேன். வர வேணாம்னு."

காதர் பாய் மேலே பார்த்து எதையோ முணுமுணுத்தார். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். நஞ்சப்பா மூக்கைச் சிந்துகிற சாக்கில் திரும்பிக்கொண்டார்.

சவரிமுத்து சார் மட்டும் போகாமல் அந்தத் தூக்கைத் தொட்டுக்கொண்டே இருந்தார். பிறகு தொண்டையைக் கனைத்தார்.

"மேஸ்திரி, ஒண்ணு கேக்கணும். ரேடியேட்டர் பித்தளைதானே?"

"ஆமா சார்."

"எங்க வீட்டுக்காரி சொன்னா, பித்தளைப் பாத்திரம் எதுவா இருந்தாலும் புளிதான் வெளுக்க வைக்கும்னு." மூடியைத் திறந்தார். கெட்டியாகக் கரைத்த புளி, கோது நீக்கி வடிகட்டியது. "அந்த முட்டைக்கு இது கேக்குமான்னு..."

"சார், ஊத்திட்டீங்களா?"

"இல்ல. உங்களைக் கேட்டுட்டு ஊத்தலாம்னுதான் எடுத்துக்கினு வந்தேன்."

நான் மூன்று வைத்தியர்களையும் பார்த்தேன். மூன்று பேரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள். நஞ்சப்பாதான் முதலில் நிமிர்ந்தார். நகர்ந்து உட்கார்ந்து, பெஞ்சில் தன் பக்கத்தில் இடம் விட்டு, துண்டால் அதைத் துடைத்தார்.

"இங்க வந்து குந்துங்க, ஸ்வாமி," என்றார்.